நண்டக்கா

நண்டக்கா மீன் வாங்குவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அமத்திப் பார்ப்பார்கள். அவர் மீனின் வாயைத் திறந்து பார்ப்பார். பெருவிரலால் கீழ்த்தாடையை அழுத்தி, வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பி, "உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?" என்று கேட்பார். மீன்காரர் தலையில் கை வைப்பார்.

"அக்கா, வாங்கிறதெண்டா வாங்குங்கோ. பக்கத்தில நிக்கிற சனத்தைக் கலைக்காதேங்கோ."

முதல் தடவை பக்கத்தில் நின்ற சனம் நான்தான். குருநகரில் அப்போதுதான் வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். அன்றைக்கு ஒரு பாரை மீனின் வாய்க்குள் உண்மையாகவே ஆள் இருந்தது. வெள்ளை நிறத்தில், பெருவிரல் அளவில், கால்கள் மடக்கிக்கொண்டு, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூச்சி குந்தியிருந்தது. இரண்டு கறுத்தக் கண்ணால் எங்களைப் பார்த்தது.

"இது செவுளுக்குள்ளால சின்னனா உள்ளுக்கு வருமாம், பிள்ளை. வந்து நாக்கைப் பிடிச்சு ரத்தத்தை உறிஞ்சுமாம். நாக்கு வாடி விழுந்திடும். பிறகு இதுதான் நாக்கு. மீன் இதை வைச்சுத்தான் சாப்பிடுது."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அரியண்டம்!" என்றேன்.

"பாவம்" என்றார் அவர்.

"எது பாவம்? மீனோ, பூச்சியோ?"

"ரெண்டும்தான். இனி ஒண்டை விட்டிட்டு ஒண்டு என்ன செய்யிறது?"

அந்தப் பாரையையே வாங்கிக்கொண்டு போனார். நான் கொஞ்ச நாளைக்குக் கத்தரிக்காய்க் குழம்போடு சமாளித்தேன். இப்போது நெல்லியடியில் இருக்கிறோம். அங்கேயுள்ள சந்தையில் யாரும் பார்க்காத நேரத்தில் நானும் மீனின் வாயைத் திறந்து பார்க்கிறேன் என்பதை என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

நான் பிறந்தது வட்டுக்கோட்டைப் பக்கம், தோட்டக்காணிகளுக்கு நடுவில். எங்களுக்கு மீன் என்றால் சைக்கிள் பெட்டியில் வந்து, வெட்டித் துண்டாகிச் சட்டிக்குள் விழுகிற சாமான். அதற்கு முன்னால் அது கடலில் என்ன செய்தது, யாரோடு குடியிருந்தது என்றெல்லாம் நாங்கள் யோசித்தது கிடையாது. கணவருக்குக் கரையோரத்து ஐஸ் பக்டரியில் கணக்கு வேலை கிடைத்ததால் குருநகருக்கு வந்தோம். சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் கோப்பையோடு கொட்டுகிற ஆள் நான். எனக்குப் பக்கத்து வீடாக அமைந்தது நண்டக்காவின் வீடு. நடுவில் அரைமதில் மட்டும்தான்.

அருவருப்பு வந்தால் எனக்கு வாய்க்கு வாய் வருகிற அந்த 'அரியண்டம்' என்ற சொல் அவருடைய வாயில் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரைப் பற்றிச் சொல்ல இதைவிட முக்கியமான செய்தி என்னிடம் இல்லை. புழு, சீழ், சளி, பிள்ளையின் வாந்தி, அழுகின இறால் எதுவானாலும் கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு யாராவது ஒருவருக்காகப் பாவப்படுவார். ஒரே பொருளில் இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் சேர்த்துப் பாவப்படுவார்.

அவருடைய வீட்டில் அவர் பெறாத ஒரு மகள் இருந்தாள். றெஜினா. நண்டக்காவின் கணவர் ஒரு பருவம் முல்லைத்தீவுக் கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன்பிடித் தொழில் செய்தபோது அங்கே இன்னொரு பெண்ணோடு உண்டான பிள்ளை. அந்தத் தாய் பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு வீட்டு வேலைக்கு வளைகுடா நாட்டுக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்குப் போய், அங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். இதெல்லாம் ஒளிவுமறைவு இல்லாத கதை. றெஜினாவுக்கும் தெரியும். பெற்றவள் என்றைக்காவது பிள்ளையைக் கேட்டு வருவாள், வந்தால் நண்டக்கா என்ன செய்வார் என்பதுதான் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லோருக்கும் இருந்த கவலை. நண்டக்காவுக்கு வேறு பிள்ளை இல்லை.

பிள்ளை வந்த நாளைப் பற்றி ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கும் மனிசிதான் எனக்குச் சொன்னா. மத்தியான வெயிலில் அந்த மனுசன் நடக்கத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து படலை வாசலில் நின்றாராம். இன்றைக்குச் சட்டி பானை பறக்கப் போகிறது என்று சனம் வேலிக்கு வந்துவிட்டது. நண்டக்கா வெளியே வந்து புருசனைப் பார்க்கவே இல்லையாம். பிள்ளையை வாங்கி, பெருவிரலால் அதன் கீழ்த்தாடையை அழுத்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வாய்க்குள் பார்த்தாராம்.

"பல்லெல்லாம் சூத்தை. சோத்தைக் குழைச்சுத்தான் குடுக்கோணும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

புருசனோடு பிறகு என்ன கதைத்தார், எத்தனை நாள் கதைக்காமல் இருந்தார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. நான் கண்ட காலத்தில் அந்த அண்ணை, மனைவி கேட்டதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கிற மனுசனாக இருந்தார்.

நண்டக்கா என்ற பெயர் வேலையால் வந்தது. கடற்கரையில் தகரக் கூரை போட்ட ஒரு நண்டு வாடி இருந்தது. வள்ளங்களில் வருகிற நண்டை அங்கே வைத்துத்தான் பெரிது சிறிதாகத் தெரிந்து பிரித்து, நிறுத்து, கொம்பனி லொறிக்கு ஏற்றுவார்கள். நண்டக்காவுக்கு அந்தப் பிரிக்கிற வேலை. விரல் முழுக்க நண்டு குத்தின தழும்பு. மாலையில் சவுக்காரம் போட்டுக் கை கழுவி, விரலை மணந்து பார்த்து, "போகேல்லை" என்று சிரிப்பார். எனக்கு அந்த மணம் மதிலால் வரும்.

அவருக்கு இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்றால், கடற்றொழில் திணைக்களத்தில் இருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் வாடிக்கு வந்து படம் காட்டி வகுப்பெடுத்திருக்கிறார். மற்றப் பெண்கள் தேத்தண்ணி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, நண்டக்கா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாராம். அன்றோடு கெட்டது. "தம்பி" என்று அந்தப் பொடியனுக்கு போன் எடுத்துச் சந்தேகம் கேட்பார். றெஜினா போனில் வீடியோ தேடிக் கொடுப்பாள். இரண்டு பேரும் பின்படியில் குந்தியிருந்து, ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று வளர்வதைப் பார்த்துக்கொண்டு இடியப்பம் சாப்பிடுவார்கள்.

கதையைக் கேட்டதோடு வைத்துக்கொள்ளவும் மாட்டார். ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்தில், எல்லோர் கோப்பையிலும் சோறு விழுந்த பிறகு, கடலட்டையைப் பற்றித் தொடங்கினார்.

"கடலட்டைக்குப் பயம் வந்தா என்ன செய்யும் தெரியுமோ? தன்ரை குடலையே வெளியில கக்கிப்போடும். பிடிக்க வந்தவன் அதைப் பாத்துக்கொண்டு நிக்க, தான் ஆறுதலாப் போயிடும். பிறகு உள்ளுக்குப் புதுக் குடல் முளைக்கும்."

"அக்கா, சாப்பிடுறம்" என்றேன்.

"அதான் சொல்லுறன். அதுக்குள்ள ஒரு மீன் குடியிருக்குது. நீட்டா, மெல்லிசா. பின்பக்கத்தாலதான் வீட்டுக்குள்ள போய் வரும்."

எனக்கு எதிரே இருந்தவர் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார். நண்டக்கா அவரைப் பார்த்துக் கோபப்படவில்லை.

"இடம்பெயர்ந்த காலத்தில நாங்களும் எத்தினை பேற்றை வீட்டில இருந்தனாங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ எண்டு பாத்தே போனனாங்கள்? கதவு திறந்த பக்கத்தால போனம்."

கோப்பையைத் தள்ளினவர் திரும்பவும் இழுத்துச் சாப்பிட்டார்.

ஒரேயொரு உயிரினத்தை மட்டும் அவருக்குப் பிடிக்காது. எட்டுக் காலோடு திரிகிற பேய்க்கணவாய். அதன் தாய் கல்லுப் பொந்தில் முட்டையிட்டு, இரை எடுக்காமல், இடத்தைவிட்டு அசையாமல் காவல் இருந்து, குஞ்சு பொரிக்கிற நேரம் செத்துப்போகும். இதை நண்டக்காவே ஒருநாள் கோயில் பாதருக்குச் சொல்லியிருக்கிறார். பாதர் உருகிப்போய் அன்னையர் தினத்துப் பூசையில் அதையே பிரசங்கமாக வைத்தார். கோயில் முழுக்க மூக்கை உறிஞ்சியது. நானும் பூசைக்குப் போயிருந்தேன். பிறந்த சமயம் வேறானாலும், அயலட்டைத் தாய்மாருக்கெல்லாம் கேக் கொடுப்பார்கள் என்று அழைத்திருந்தார்கள். வெளியே வந்தால் நண்டக்காவின் முகம் சிவந்து கிடக்கிறது.

"உதென்ன தாய்? பட்டினி கிடந்து செத்தா, பொரிச்ச குஞ்சுக்கு ஆர் சோறு போடுறது? செத்துக் காட்டுறது பெரிய வேலையே? இருந்து பாக்கோணும். காய்ச்சல் எண்டா முழிச்சிருக்கோணும், பள்ளிக்கூடத்தில கூப்பிட்டா போகோணும். பாதருக்குக் கதையைச் சொல்லிக் குடுத்தது என்ரை பிழை."

கேக்கை வாங்கி றெஜினாவிடம் கொடுத்துவிட்டு விறுவிறென்று நடந்தார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

இனி அந்த நண்டு. எங்கள் ஒழுங்கை இன்றைக்கும் கதைக்கிற நண்டு.

வயிற்றில் முட்டையோடு வருகிற சினை நண்டைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது மீனவர் சங்கத்தின் கட்டுப்பாடு. முணுமுணுத்துக்கொண்டாலும் எல்லோரும் விடுவார்கள். தாயைப் பிடித்த பாவம் வேண்டாம் என்று சிலுவை அடையாளம் போட்டு விடுகிறவர்களும் உண்டு. உத்தியோகத்தர் வந்து படம் காட்டிய பிறகுதான் விசயம் வெளித்தது. விட்ட நண்டுகளில் சிலது சினை நண்டே இல்லை. வயிற்றின் கீழே மஞ்சளாகத் தொங்கினது முட்டை இல்லை, ஒட்டுண்ணியின் பை. அந்த ஒட்டுண்ணி சிறு தூசியாக வந்து நண்டுக்குள் புகுந்து, உடம்பு முழுக்க வேர் விட்டு, பிறகு நண்டு முட்டை சுமக்கிற அதே இடத்தில் தன்னுடைய பையைத் தள்ளும். நண்டு அதைத் தன் முட்டை என்று வைத்துப் பார்க்கும். அதிலும் பெரிய கூத்து, ஆண் நண்டைப் பிடித்தால் அதன் வயிற்று மடலை அகலமாக்கி அதையும் தாயாக்கிவிடும். எங்களுடைய ஆட்கள் சிலுவை போட்டு வழியனுப்பி வைத்த தாய்மாரில் ஆண்களும் இருந்திருக்கிறார்கள். வாடியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படியான நண்டைக் கடலில் விட்டால் மற்றதுக்கும் பரவும், விடவேண்டாம், புதைத்துவிடுங்கள் என்று உத்தியோகத்தர் சொன்னார். சொன்னது சரி. நண்டக்காவும் சரியென்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அடுத்ததாக வந்த ஒன்றை வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பின்வளவில் நீல நிற பேசின் தொட்டிக்குள் அதை விட்டார். அண்ணை பிளாஸ்டிக் கானில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். ஐஸ் பக்டரிக்காரனின் மனைவி நான், மீன் மணத்துக்குப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த பேசின் என் மூக்குக்குப் பாடம் படிப்பித்தது. சண்டை பிடிக்கத்தான் மதிலுக்குப் போனேன். போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

நீலக் காலும் நீலக் கொடுக்குமாய் வடிவான ஆண் நண்டு. காலை ஊன்றி உடம்பை உயர்த்தி, மெல்ல முன்னும் பின்னும் ஆடியது. வயிற்று மடலைத் திறந்து, அந்தப் பைக்கு நல்ல தண்ணீர் போகும்படி விசிறியது. சின்னக் காலால் அழுக்கைத் துடைத்தது. துடைத்துவிட்டுத் திரும்பவும் ஆடியது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அருவருப்பா, பயமா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கடைக்கார மனிசியும் வந்து பார்த்தா. பார்த்து, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டா.

"ஆற்றையோ பிள்ளையைத் தன்ரை எண்டு வைச்சுத் தாலாட்டுது, விசர் நண்டு. அதுக்குத் தெரியாது, பாவம்."

சொன்ன பிறகுதான் தான் எங்கே நின்று எதைச் சொன்னேன் என்று அவவுக்கு விளங்கியது. றெஜினா போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசின் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நான் மதிலில் இருந்த பாசியைப் பார்த்தேன். நண்டக்கா தண்ணீருக்குள் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நண்டுக்குத் தெரியாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நண்டைக் கேட்டவையோ?"

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்குப் பின்னேரமே உத்தியோகத்தருக்கு போன் எடுத்தார். "தம்பி, அது தன்ரை இல்லை எண்டு நண்டுக்குத் தெரியுமோ தெரியாதோ?" போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. அந்தப் பொடியன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்களுக்குத் தெரியாது அக்கா. அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

"படிச்ச பிள்ளை. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுது" என்று நண்டக்கா எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். நண்டு பிறகு செத்துப்போனது. உத்தியோகத்தர் சொன்னபடி முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டித் தாட்டார்.

றெஜினாவைப் பெற்றவள் ஆவணி மாதம் வந்தாள். வெளிநாட்டுக்காரர் வருகிற காலம் அது. வாடகை வான் வண்டி ஒழுங்கைக்குள் வந்து நிற்க, சனம் வேலிக்கு வந்தது, நானும் மதிலுக்கு வந்தேன். நகையும் நட்டுமாய் ஒரு திமிர்க்காரி இறங்குவாள் என்று எதிர்பார்த்தேன். இறங்கினவள் மெலிந்த ஒரு பெண். படலையைத் தொட்டுக்கொண்டு உள்ளே வரத் துணிவில்லாமல் நின்றாள்.

"அக்கா... நான்..."

"தெரியும். றெஜினான்ரை நெத்தி அப்பிடியே கிடக்கு. வெயிலுக்குள்ள நிக்காதை, உள்ளுக்கு வா. எங்கை தங்கியிருக்கிறாய்?"

"ரவுணில, ஹோட்டலில."

"பிள்ளையைப் பாக்க வந்தனி ஹோட்டலில கிடந்து என்ன செய்யப்போறாய்? பெட்டியை எடுத்துக்கொண்டு வா."

அண்ணை அன்றைக்குக் கடற்கரையில் வலை தைக்கப் போனவர், இருட்டும்வரை தைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இதைத் தாங்க முடியவில்லை. புருசனோடு இருந்தவள், அதே வீட்டில், அதே குசினியில், அதே சட்டியில் இருந்து அள்ளிச் சாப்பிடுகிறாள்! அதுவும் எதற்கு வந்திருக்கிறாள்? பிள்ளையைப் பிரான்சுக்குக் கொண்டுபோக. வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டாள். அவளுடைய புருசனுக்கும் சம்மதமாம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தாயாக இருப்பது அவளுடைய பெயர். திரும்பிப் போகுமுன் கொழும்பில் விசா வேலையைத் தொடங்க வேண்டும். நண்டக்காவின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அடுத்த நாள் மதிலடியில் அவரைப் பிடித்தேன்.

"அக்கா, உங்களுக்கு அரியண்டமா இல்லையோ?"

அவர் மினக்கெட்டு யோசித்தார்.

"என்ன அரியண்டம்? மனிசிதானே" என்றார். பிறகு, "சொக்கிலேட் கொண்டு வந்திருக்கிறாள், உமக்கும் தாறன்" என்றார்.

அந்தச் சொக்கிலேட்டை நான் தின்றேன். நல்ல சொக்கிலேட்.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள் அல்லவா, வந்தவளுக்கு நண்டு உடைக்கத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் குசினியில் பலகை போட்டு இருந்து உடைப்பார்கள். ஒருநாள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டும் இறாலும் மீன் தலையும் போட்டு, பலாக்கொட்டை போட்டு, எனக்கும் மதிலால் ஒரு கோப்பை வந்தது. அந்த மணத்துக்கு முன்னால் என் கோபம் எங்கே நிற்கும்? குடித்துவிட்டுக் கோப்பையை வழித்தேன். அந்தப் பக்கம் பார்த்தால், அண்ணை பின்படியில் இருந்து கூழுக்குள் தலையை விட்டவர் நிமிரவே இல்லை. அதைப் பார்த்து இரண்டு பெண்களும் சிரிக்கிறார்கள். றெஜினாவும் சிரிக்கிறாள். இப்படியும் ஒரு வீடு இருக்குமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. பயண நாள் கிட்டக் கிட்ட நண்டக்கா மெலிந்தார். மீன் வாங்கப் போனால் வாயைத் திறந்து பார்க்காமல் வாங்கினார். மீன்காரர் என்னிடம், "அக்காவுக்கு என்ன சுகமில்லையோ?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் எல்லாம் கதைத்தார்கள், விசாவைக் கதைத்தார்கள், அங்கத்தைய குளிரைக் கதைத்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை என்று றெஜினாவின் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பிள்ளையிட்டைக் கேட்டனீங்களோ?"

"எதை?"

"போறியோ, இருக்கிறியோ எண்டு."

மதிலில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

"நீங்கள் நண்டையே கேக்கோணும் எண்டு நிண்ட ஆள்."

"நண்டு மறுமொழி சொல்லாது, பிள்ளை" என்றார். "அதால கேக்கலாம்."

புழுவுக்கும் சீழுக்கும் கிட்டப் போகிற மனிசி, தன் மகளின் வாயில் இருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்கு முன்னால் இப்படி நடுங்குவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மதிலுக்கு மேலால் அவருடைய கையைப் பிடித்தேன். நண்டு மணத்தது. நான் விடவில்லை.

அடுத்த நாள் காலையில் றெஜினா புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அன்ரி, நான் இஞ்சை இருந்து படிக்கட்டோ? அங்கை ரெண்டு பேரும் அழுகினம்."

"என்னடி நடந்தது?"

"அம்மா கேட்டவா, போறியோ எண்டு. போய்ப் பாக்க விருப்பம், போய் இருக்க விருப்பமில்லை எண்டு சொன்னனான். சோதினை முடிய ஒருக்கா வாறன் எண்டும் சொன்னனான்."

"அதுக்கு அம்மா ஏன் அழுகிறா?"

"அவ்வளவு தூரத்தில இருந்து வந்தவளுக்கு இப்பிடியோ சட்டெண்டு சொல்லுறது, கொஞ்சம் யோசிச்சுப் பதமாச் சொல்லத் தெரியாதோ எண்டு என்னை ஏசினவா. நீங்கள்தானே கேட்டனீங்கள் எண்டன். அதுக்கும் அழுகிறா. மற்றவவை விட இவதான் கூட அழுகிறா."

சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை விரித்தாள். நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்ப்பதுபோல நின்று கண்ணைத் துடைத்தேன். மகிழ்ச்சியில்தான்.

வந்தவள் சண்டை பிடிக்கவில்லை, பத்திரத்தைத் தூக்கிக் காட்டவில்லை. மிச்சமிருந்த நாள்களில் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டாள். போகிற நாள் மத்தியானம் வான் வந்தது. நண்டக்கா பொரித்த மோதகம், மீன் ஊறுகாய், நண்டுக் கறிக்கு வறுத்த தூள் என்று பெட்டி மூடாத அளவுக்குத் திணித்துக் கொடுத்தார். விமான நிலையத்தில் பறிப்பார்கள் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. றெஜினா அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அண்ணை பெட்டியை ஏற்றிவிட்டு, வானின் ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வான் புறப்பட்டுவிட்டது. படலையைத் தாண்டினவுடன் நின்றது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, என்ரை பிள்ளையை..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "உங்கடை பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ" என்றாள்.

நண்டக்கா நடந்து வானுக்குக் கிட்டப் போனார். குனிந்து, கண்ணாடியில் கை வைத்தார்.

"எங்கடை எண்டு சொல்லு."

சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டார். வானுக்குள் இருந்தவள் சொன்னாள். மதிலடியில் நின்ற எனக்கும் கேட்டது.